வாக்குச்சீட்டின் வெற்றுக் கோடு: பெயரை எழுதுவதா, அச்சிட்டதில் ஒன்றைத் தேர்வதா, விட்டுவிடுவதா?

அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கவிருந்த தம்பி ஒருவர், ஓர் அக்டோபர் மாலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு மேற்கே உள்ள புறநகர் ஒன்றில் அவர் வசிக்கிறார். அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஆளுநர் (அமெரிக்காவில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், பொறுப்பில் நம்மூர் முதலமைச்சருக்கு இணை) தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மாநிலக் கீழவைக்கான கட்டத்தில் நின்றுவிட்டார். "அண்ணா, எங்க தொகுதியில ஒரே ஒருத்தர் பேர்தான் அச்சடிச்சிருக்கு. எனக்கு அவர்மேல நம்பிக்கை இல்லை. கீழே ஒரு கோடு போட்டு ரைட்-இன்னு இருக்கே, அதுல எனக்குப் பிடிச்சவங்க பேரை எழுதிடலாமா?" என்று கேட்டார். "எழுதலாம்பா. ஆனா அதை எண்ணுவாங்களா, எண்ணினா என்ன ஆகும்னு பார்த்துட்டு எழுது" என்றேன். அன்று அரை மணி நேரம் பேசியதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வாக்களித்துப் பழகிய நமக்கு இந்தக் கோடு புதிது. அங்கே வேட்புமனு ஏற்கப்பட்டவர்களின் பட்டியலுக்கு வெளியே யாருக்கும் வாக்களிக்க இயலாது; 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வந்த நோட்டா பொத்தான் மட்டுமே பட்டியலில் உள்ள அனைவரையும் மறுப்பதற்கான வழி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடும் அதன் அருகே ஒரு சிறு முட்டை வடிவ வட்டமும் இருக்கும். அந்தக் கோட்டில் வாக்காளரே ஒரு பெயரை எழுதலாம்; இதைத்தான் ரைட்-இன் என்கிறார்கள். ஆகவே, அச்சிட்ட பெயர்கள் எதுவும் மனத்துக்கு ஒப்பாத வாக்காளர் முன் சில வழிகள் உள்ளன: முறைப்படி அறிவித்துக்கொண்டு களத்தில் நிற்கும் ரைட்-இன் வேட்பாளரின் பெயரை எழுதுவது, எதிர்ப்பைக் காட்டத் தனக்குத் தோன்றிய பெயரை எழுதுவது, அச்சிட்ட இரு பெரிய கட்சி வேட்பாளர்களில் குறைந்த தீங்கானவரைத் தேர்வது, சிறிய கட்சி ஒன்றுக்கு வாக்களிப்பது, அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிடுவது.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தன் மாநிலத்தின் சட்டம். ஹவாய், நெவாடா, ஓக்லஹோமா, தென் டகோட்டா, லூசியானா ஆகிய மாநிலங்களில் பெயரெழுதும் வழியே கிடையாது. ஹவாயில் இது வழக்காகவே ஆனது. 1986-இல் ஹொனலுலுவைச் சேர்ந்த ஆலன் பர்டிக் என்ற வாக்காளர், தம் தொகுதியில் மாநிலக் கீழவைக்கு ஒரே ஒருவர் மட்டும் மனு செய்திருப்பதைக் கண்டு, வேறொருவர் பெயரை எழுத அனுமதி கேட்டார். நம் தம்பியின் நிலை அச்சு அசலாக இதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல், ஆறு நீதிபதிகளுக்கு எதிர் மூவர் என்ற கணக்கில், ஹவாயின் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. தேர்தலின் பணி வேட்பாளர்களைச் சலித்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. மனக்குறையை வெளியிடும் இடமாக வாக்குச்சீட்டை மாற்ற அரசமைப்பு வலியுறுத்தவில்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஒரே பெயர் மட்டும் உள்ள இடத்தில் சலிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் சட்டம் அதுதான். பெயரெழுதும் வசதியை வைத்திருப்பதும் எடுத்துவிடுவதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.

வசதி உள்ள மாநிலங்களிலும் நிபந்தனைகள் வேறுபடுகின்றன. டெக்சாஸில், முன்கூட்டியே விண்ணப்பித்துப் பட்டியலில் இடம்பெற்ற ரைட்-இன் வேட்பாளர்களுக்கு எழுதிய வாக்கு மட்டுமே எண்ணப்படும். அந்தப் பட்டியலை வாக்குச்சாவடியிலேயே ஒட்டியிருப்பார்கள். இலினாய்ஸிலும் அறிவிப்புத் தாக்கல் செய்யாதவரின் பெயரை எழுதினால் அது கணக்கில் வராது. கலிபோர்னியாவின் நிலை இன்னும் நுட்பமானது. 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 'முதல் இருவர்' முறையின்படி (முதற்கட்டத் தேர்தலில் கட்சி பாராமல் முதலிரு இடம் பெறுபவர்கள் மட்டுமே நவம்பர்ப் பொதுத் தேர்தலில் மோதுவார்கள்), ஆளுநர், சட்டமன்றம் போன்ற பதவிகளுக்கு முதற்கட்டத் தேர்தலில் மட்டுமே ரைட்-இன் வேட்பாளராக நிற்க முடியும். நவம்பரில் அந்தக் கதவு மூடிவிடும். பென்சில்வேனியா, நியூ ஹாம்ப்ஷயர், அயோவா ஆகியவை தாராளமானவை. முன்னறிவிப்பு இல்லாதவரின் பெயரை எழுதினாலும் அது செல்லும். டெக்சாஸின் டாலஸில் இருக்கும் உறவினர் சொன்னதை வைத்து நியூ ஜெர்சியின் எடிசனிலோ பென்சில்வேனியாவின் எக்ஸ்டனிலோ முடிவெடுக்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி, அறிவித்துக்கொண்ட ரைட்-இன் வேட்பாளருக்கு எழுதுவதைப் பார்ப்போம். இது வீண் முயற்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் வென்ற நிகழ்வுகளைக் கூர்ந்து பார்த்தால், எப்போது இது வேலை செய்கிறது என்பது தெளிவாகும். மாநிலத் தேர்தல்களில் என் மனத்தை மிகவும் பாதித்தது டென்னசியில் 1998-இல் நடந்தது. மாநில மேலவை உறுப்பினர் டாமி பர்க்ஸ், வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கையில், அக்டோபர் 19 அன்று, தம் பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பைரன் லூப்பரே அந்தக் கொலைக்காகக் கைது செய்யப்பட்டார். பின்னர் 2000-இல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. மாநிலச் சட்டப்படி இறந்தவரின் பெயர் சீட்டிலிருந்து நீக்கப்பட, அச்சில் எஞ்சியது லூப்பரின் பெயர் ஒன்றே. கணவரை அடக்கம் செய்த துயரம் ஆறுவதற்குள் ஷார்லட் பர்க்ஸ் ரைட்-இன் வேட்பாளராக நின்றார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் பெயரைத் தம் கையால் எழுதினார்கள். அச்சிலிருந்த பெயருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு. அதன் பிறகு மும்முறை மறுபடி வென்று, 2014-இல் மீண்டும் போட்டியிடாமல் விலகும்வரை அவர் அந்த அவையில் பணியாற்றினார். அந்த வெற்றுக் கோடு மட்டும் இல்லாதிருந்தால் அத்தொகுதி மக்களுக்கு என்ன வழி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் ஹவாய்த் தீர்ப்பு எனக்கு இன்னும் கசக்கிறது.

மற்றொன்று அலாஸ்கா. அது அமெரிக்க செனட்டுக்கான தேர்தல் என்றாலும், வாக்குகளை எண்ணியது மாநிலச் சட்டத்தின்படி என்பதால் இங்கே பொருந்தும். 2010 ஆகஸ்டில் தம் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்ற லீசா முர்கௌஸ்கி, நவம்பரில் ரைட்-இன் வேட்பாளராக நின்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று வென்றார். அவருடைய பெயரைப் பிழையின்றி எழுதுவதே பெரும்பாடு. அதற்காகப் பெயர் பொறித்த கைவளையங்களை வழங்கினார்கள். எழுத்துக்கூட்டும் போட்டி போல விளம்பரம் எடுத்தார்கள். வாக்குச்சாவடியில் ரைட்-இன் வேட்பாளர் பட்டியலைக் கேட்டால் காட்டலாம் என்று அனுமதி வந்ததும், அந்தப் பட்டியலில் அவர் பெயர் தேடக் கிடைக்காதபடி எதிர்த்தரப்பினர் நூற்றுக்கும் மேற்பட்டோராகத் திரண்டு தங்களையும் ரைட்-இன் வேட்பாளர்களாகப் பதிந்துகொண்டார்கள். எண்ணும்போது எழுத்துப்பிழை உள்ள சீட்டுகளைத் தள்ள வேண்டும் என்று மில்லர் தரப்பு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எதிர்த்தது. சிறு பிழைகளுக்காக வாக்காளரின் நோக்கத்தைப் புறந்தள்ள முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பரில் முடிவு சொன்னது. வாக்குகள் மூன்றாகப் பிரிந்திருந்ததால் நாற்பது விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான வாக்கே வெற்றிக்குப் போதுமாயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்விரண்டோடு, 2021-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கட்சித் தேர்தலில் தோற்ற மேயர் பைரன் பிரௌன், பெயர் முத்திரைகளை வாக்காளர்களுக்கு வழங்கி ரைட்-இன் மூலம் பதவியைத் தக்கவைத்ததையும் சேர்த்தால், பொதுவான கூறுகள் தெரியும். வேட்பாளர் ஏற்கெனவே எல்லோரும் அறிந்தவர், அல்லது ஊரையே உலுக்கிய காரணம் ஒன்று இருக்கிறது. பெயரை எழுதக் கற்றுக்கொடுக்கும் அமைப்பு இருக்கிறது. அச்சிலுள்ளவர்மீது பரவலான மறுப்பு இருக்கிறது. இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அந்தப் பெயரை எழுதுவதை வெற்றிக்கான வாக்கு என்று கருத முடியும்.

கையெழுத்து, வட்டம் போன்ற சிறிய செயல்களில் வாக்கு எப்படித் தொலைந்துபோகும் என்பதற்கு சான் டியேகோ சாட்சி. 2004 மேயர் தேர்தலில் டானா ஃப்ரை ரைட்-இன் வேட்பாளர். அவர் பெயரை எழுதிவிட்டு, பக்கத்திலிருந்த வட்டத்தை நிரப்ப மறந்த சீட்டுகள் 5,551. வட்டத்தை நிரப்பினால்தான் செல்லும் என்ற விதியின்படி அவை எண்ணப்படவில்லை. அவர் தோற்றது 2,108 வாக்குகளில். ஐயாயிரத்து ஐந்நூறு பேர் தெளிவாகத் தம் விருப்பத்தை எழுதிக் கொடுத்தும் அது கணக்கில் வராமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. எந்திரம் முதலில் தேடுவது அந்த வட்டத்தைத்தான். வட்டம் நிரம்பியிருந்தால்தான் எழுத்தைப் பார்க்கும் மனிதரின் கைக்கு அந்தச் சீட்டு போகும். கறுப்பு மையால் வட்டத்தை முழுவதும் நிரப்புவது, முதற்பெயரும் குடும்பப் பெயரும் சேர்த்துத் தனித்தனிப் பெரிய எழுத்துகளில் எழுதுவது, ஏற்கெனவே அச்சிலிருக்கும் வேட்பாளர் ஒருவரின் வட்டத்தையும் சேர்த்து நிரப்பிவிடாமல் இருப்பது ஆகிய மூன்றிலும் கவனம் வேண்டும். இரண்டையும் நிரப்பினால் அந்தப் போட்டியில் வாக்கே செல்லாது.

எதிர்ப்பைக் காட்டுவதற்காக, போட்டியில் இல்லாத ஒருவரின் பெயரை எழுதுவது வேறு வகை. இதில்தான் நான் மற்றவர்களைவிடக் கடுமையான கருத்து கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் ஜார்ஜியாவின் 1966 ஆளுநர் தேர்தல். ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில், இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்த லெஸ்டர் மேடக்ஸ், மிதவாதியான முன்னாள் ஆளுநர் எல்லிஸ் ஆர்னாலைத் தோற்கடித்தார். அதே போட்டியில் மூன்றாவதாக வந்தவர் ஜிம்மி கார்ட்டர். குடியரசுக் கட்சியின் சார்பில் நின்ற போ கேலவேயும் பழமைவாதி. இருவரையும் ஏற்க மனமில்லாத மிதவாதிகளும் கறுப்பின வாக்காளர் பலரும் நவம்பரில் ஆர்னாலின் பெயரை எழுதினார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வாக்குகளால் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. கேலவே ஏறத்தாழ மூவாயிரம் வாக்குகள் முன்னணியில் இருந்தார். ஆனால் பெரும்பான்மை இல்லாவிட்டால் சட்டமன்றமே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் என்பது அன்றைய மாநில அரசமைப்பின் விதி. உச்ச நீதிமன்றமும் ஐவருக்கு எதிர் நால்வர் என்ற கணக்கில் அதை ஏற்றது. ஜனநாயகக் கட்சியினர் நிறைந்த சட்டமன்றம் 1967 ஜனவரியில் 182-க்கு 66 என்ற கணக்கில் மேடக்ஸை ஆளுநராக்கியது.

இனப் பிரிவினையை எதிர்த்து எழுதப்பட்ட பெயர்களே, அதன் மிகத் தீவிரமான ஆதரவாளர் ஆளுநர் மாளிகைக்குள் நுழைய வழி திறந்துவிட்டன. எழுதியவர்களின் மனச்சாட்சியை நான் குறை சொல்லவில்லை. இரு பக்கமும் அடைத்திருந்த நிலையில் அவர்களுக்கு இருந்த வேதனையை நாம் இன்று அளவிட முடியாது. ஆனால் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்ற விதியை அறியாமல், அல்லது அறிந்தும் எண்ணிப் பார்க்காமல், பெயரெழுதும் இயக்கத்தை நடத்தியதன் விலையை அந்த மாநிலத்தின் கறுப்பின மக்களே கொடுத்தார்கள். ஜார்ஜியா பின்னர் அரசமைப்பைத் திருத்தி, முதல் இருவருக்கிடையே மறுதேர்தல் நடத்தும் முறைக்கு மாறியது. ஆகவே இன்று அங்கே எதிர்ப்பு வாக்கின் விளைவு வேறு. பெரும்பான்மை தேவைப்படாத பென்சில்வேனியாவில் இன்னும் வேறு. தன் மாநிலத்தில் முன்னணி பெற்றவரே வெல்வாரா, பெரும்பான்மை தேவையா, மறுதேர்தல் உண்டா, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை முறை உண்டா என்று அறியாமல் எதிர்ப்பு வாக்கின் எடையைச் சொல்லவே முடியாது.

எதிர்ப்புப் பெயர்கள் நல்ல பயன் தந்த இடமும் உண்டு. அலபாமாவில் 2017 டிசம்பரில் நடந்த செனட் சிறப்புத் தேர்தலில், குடியரசுக் கட்சி வேட்பாளர் ராய் மூர்மீது கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தபோது, அதே கட்சியின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி தாம் வேறொரு குடியரசுக் கட்சிக்காரரின் பெயரை எழுதியதாக வெளிப்படையாகச் சொன்னார். ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் வென்ற வித்தியாசம் 21,924; எழுதப்பட்ட பெயர்கள் 22,800-க்கும் மேல். தம் கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்கு வாக்களிக்க மனம் வராதவர்களுக்கு அந்தக் கோடு நடுவழியாக அமைந்தது. ஆயினும் இதில் ஓர் உண்மையைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்: அவர்கள் ஒவ்வொருவரின் எழுத்தும், எதிர்க்கட்சிக்கு அளித்த வாக்கில் பாதியளவு வேலையைத்தான் செய்தது. மூரிடமிருந்து ஒரு வாக்கு குறைந்தது. ஜோன்ஸுக்கு ஒரு வாக்கு கூடவில்லை. அந்தப் பாதியே போதுமென்று தெரிந்து எழுதினால் அதில் தவறில்லை.

அதனால்தான் இரு பெரிய கட்சிகளுக்கிடையே நெருக்கமான போட்டி இருக்கும் ஆளுநர் தேர்தலில், இருவருக்கும் இடையே உண்மையான வேறுபாடு இருந்தால், அச்சிட்ட இருவரில் ஒருவரைத் தேர்வதே மேல் என்று நான் நினைக்கிறேன். மாநில ஆளுநர் கையெழுத்திடும் சட்டங்கள் பள்ளி நிதியையும் மருத்துவ உதவியையும் வாக்குரிமை விதிகளையும் தொடுபவை. பிடிக்காத ஒருவருக்கு வட்டத்தை நிரப்பும்போது ஏற்படும் கூச்சத்தை நானும் அறிவேன். என் பேனா அங்கே நீண்ட நேரம் நின்றதுண்டு.

சிறிய கட்சிக்கு வாக்களிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்கும் எதிர்ப்புப் பெயருக்கும் உள்ள வேறுபாடு, அது பெயர் சொல்லி எண்ணப்படும் என்பதுதான். நியூயார்க்கில் ஒரு கட்சி வாக்குச்சீட்டில் தன் இடத்தைத் தக்கவைக்க, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 1,30,000 வாக்குகளோ மொத்த வாக்கில் இரண்டு விழுக்காடோ, இவற்றில் எது அதிகமோ அதைப் பெற வேண்டும். அப்படியொரு வரம்புக்கு அருகில் நிற்கும் கட்சியின் கொள்கை உங்களுக்கு உடன்பாடானது என்றால், நீங்கள் தரும் வாக்கு அடுத்த தேர்தலுக்கும் சேர்த்து வேலை செய்யும். எதிர்ப்புப் பெயர்களோ, பல மாவட்டங்களின் முடிவுகளில் 'ரைட்-இன்' என்ற ஒரே வரியில் ஒட்டுமொத்தமாக அடங்கிவிடும். யார் பெயரை ஏன் எழுதினீர்கள் என்பது எவர் கண்ணிலும் படாது.

கட்டத்தை விட்டுவிடுவதில் பலருக்கு ஒரு தேவையற்ற அச்சம் இருக்கிறது. ஒரு போட்டியை நிரப்பாமல் விட்டால் முழுச் சீட்டும் செல்லாதோ என்று எண்ணுகிறார்கள். அப்படியில்லை, மற்றப் போட்டிகளில் அளித்த வாக்குகள் அப்படியே எண்ணப்படும். வேட்பாளர்களைப் பற்றி எதுவும் அறியாத இடத்தில் விட்டுவிடுவது நேர்மையான முடிவு என்றே சொல்வேன். ஆனால் அது எதிர்ப்பாகப் பதிவாகாது. மறந்து விட்டவரும் மறுத்து விட்டவரும் அங்கே ஒன்றுதான்.

நெவாடா இந்தக் குறையை 1970-களிலேயே தீர்க்க முயன்றது. மாநில அளவிலான பதவிகளுக்கு 'இவர்களில் எவரும் இல்லை' என்ற வரியை அச்சிலேயே வைத்தது. 1998 செனட் தேர்தலில் ஹாரி ரீட் நானூற்றுச் சொச்சம் வாக்குகளில் வென்றபோது அந்த வரிக்கு விழுந்தது எட்டாயிரத்துக்கும் மேல். 2014-இல் ஆளுநருக்கான ஜனநாயகக் கட்சி முதற்கட்டத் தேர்தலில் அந்த வரியே முதலிடம் பெற்றது. ஆனால் சட்டப்படி அடுத்ததாக வந்த மனிதரே வேட்பாளரானார். நம் நோட்டாவைப் போலவே, எதிர்ப்பு தெளிவாக எண்ணப்படுகிறது. முடிவை மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. எண்ணிக்கை வெளிப்படையாகத் தெரிகிறது என்ற ஒரு காரணத்துக்காகவே, எதிர்ப்பைக் காட்ட விரும்புபவருக்கு இது வெற்றுக் கோட்டைவிட நல்ல கருவி என்பது என் எண்ணம்.

இனி தம்பியின் தொகுதிக்கு வருவோம். ஒரே பெயர் உள்ள போட்டியில் நான் மேலே சொன்ன அச்சங்கள் எதுவும் இல்லை. வாக்கு பிரிந்து தீயவர் ஒருவர் நுழைந்துவிடுவார் என்ற கவலைக்கு இடமில்லை. டென்னசியைப் போல ஊரே திரண்டு வேறொரு பெயரை எழுதினாலன்றி அச்சிட்டவரே வெல்வார். எழுதிய பெயர்களின் தொகை மட்டும் கூடினால், அடுத்த முறை அங்கே ஒருவர் துணிந்து நிற்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம். அதைவிடப் பயனுள்ள வழியும் பென்சில்வேனியாவில் உண்டு. ஒரு கட்சியின் சார்பில் யாருமே மனு செய்யாத மாநிலக் கீழவைத் தொகுதியில், அக்கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் ஒருவர் பெயரைக் குறைந்தது 300 பேர் எழுதி அவர் முதலிடம் பெற்றால், அவர் அந்தக் கட்சியின் வேட்பாளராக நவம்பர்ச் சீட்டில் அச்சேற முடியும். மேலவைக்கு 500 பேர். முந்நூறு என்பது ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வரும் கூட்டம். நவம்பரில் தனியாக உட்கார்ந்து எழுதும் பெயரைவிட, வசந்த காலத்தில் அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிச் சேர்க்கும் 300 பெயர்களுக்கு நூறு மடங்கு வலிமை உண்டு என்று அவரிடம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தார். "அண்ணா, ஆளுநர் கட்டத்துல கோட்டைத் தொடலை, அச்சடிச்ச பேர்ல ஒண்ணை நிரப்பிட்டேன். கீழவைக்கு மட்டும் எங்க பள்ளி வாரியத்துல இருக்கிற அம்மா பேரை எழுதினேன். அவங்ககிட்டயே போய் எழுத்துக்கூட்டிக் கேட்டுட்டு வந்து, வட்டத்தையும் நிரப்பினேன்" என்றார். சீட்டை ரகசிய உறைக்குள் வைத்தாயா என்று கேட்டேன். இங்கே அந்த உள் உறை இல்லாமல் வந்த சீட்டு எண்ணப்படாது. வைத்து, வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் போட்டாகிவிட்டது என்றார். பிறகு சற்றுத் தயங்கி, அடுத்த முதற்கட்டத் தேர்தலுக்கு அந்த அம்மா நிற்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாமா என்றார். அதைத்தான் நீ முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றேன்.